703-க்கு 73: சிதம்பரத்தில் முடிந்த ஒரு கணக்கு

703 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இதை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத வேண்டும். 1-ன் ஆறாம் அடுக்கு 1. 2-க்கு 64. 3-க்கு 729. ஆனால் 729 நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக கையில் இருப்பது 64-ம் 1-ம் மட்டும்தான். பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கு 63 ஒன்றுகள். மொத்தம் 73 எண்கள். இதைவிடக் குறைவாக யாராலும் எழுத முடியாது.

இது வரைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 73 போதாது, 74 வேண்டும் என்று அடம் பிடிக்கிற எண் எங்காவது இருக்கிறதா? கோடியில், கோடி கோடியில், அதற்கும் அப்பால்?

இல்லை. எந்த எண்ணாக இருந்தாலும் 73 போதும். இதை 1940-ல் நிரூபித்தவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளராக இருந்த எஸ்.எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

நான் கடலூரில் வளர்ந்தவன். சிதம்பரம் எங்களுக்கு சுமார் 45 கிலோமீட்டர். பி.இ. படிக்கும்போது செமஸ்டர் செமஸ்டராக கணிதம் எழுதியிருக்கிறேன். அந்த நான்கு வருடமும் இந்தப் பெயர் ஒருமுறைகூட என் காதில் விழவில்லை. நாற்பதைத் தாண்டியபின், எண் கோட்பாட்டை ஒரு பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்தபோதுதான் பிள்ளை எதிர்ப்பட்டார். அதன்பிறகு தேடித்தேடிப் படித்ததில் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கின் பூர்வீகம். 1770-ல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயக் கணிதர் ஒரு கூற்றை எழுதி வைத்தார்: எந்த முழு எண்ணையும் 4 வர்க்கங்களின் கூட்டலாக, அல்லது 9 கனங்களின் கூட்டலாக, அல்லது 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம், இப்படியே மேலே போகலாம். நிரூபணம் எதுவும் தரவில்லை. வர்க்கத்துக்கு 4 போதும் என்பதை அதே 1770-ல் லக்ராஞ்சி நிரூபித்தார். கனத்துக்கு 9 என்பது 1909-ல் வீஃபெரிச் கைக்கு வந்தது. அதில் இருந்த ஓட்டையை 1912-ல் கெம்ப்னர் அடைத்தார். எந்த அடுக்காக இருந்தாலும் இப்படி ஒரு வரம்பு உண்டு என்று ஹில்பர்ட் 1909-ல் பொதுவாக நிரூபித்தார். ஆனால் அந்த வரம்பு எத்தனை என்று அவர் வழியில் கண்டுபிடிக்க முடியாது.

எத்தனை என்று ஊகிக்க ஒரு சூத்திரம் ஏற்கெனவே இருந்தது. ஆய்லரின் மகன் சொன்னது. ஆறாம் அடுக்குக்குப் போட்டுப் பார்ப்போம். 2-ன் ஆறாம் அடுக்கு 64. ஒன்றரையின் ஆறாம் அடுக்கு 11.39, அதில் முழு எண் 11. இரண்டையும் கூட்டி 2 கழித்தால் 73. நாம் மேலே பார்த்த அதே 73. குறைந்தது இத்தனை வேண்டும் என்பது சுலபம். 703 மாதிரி ஒரு எண்ணைக் காட்டினால் முடிந்தது. இத்தனை போதும் என்பதுதான் வருடக்கணக்கில் இழுத்த வேலை.

ஏன் அவ்வளவு கஷ்டம்? எங்களைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு உடனே தோன்றுவது, ஒரு லூப் போட்டு எல்லா எண்ணையும் சோதித்துவிடலாம் என்பதுதான். நானும் சின்னதாக ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன். முதல் ஒரு லட்சம் எண்ணுக்கு லேப்டாப் பதில் சொல்லிவிடுகிறது. ஆனால் எண்கள் முடிவதில்லையே! அதனால் கணிதர்கள் இரண்டு பக்கமிருந்தும் சுரங்கம் தோண்டினார்கள். மேலிருந்து ஒன்று: ஒரு குறிப்பிட்ட மாபெரும் எண்ணுக்கு அப்பால் உள்ளவை எல்லாவற்றுக்கும் இத்தனை போதும் என்று பகுப்பாய்வு முறையில் காட்டுவது. கீழிருந்து இன்னொன்று: சின்ன எண்களுக்கு அட்டவணை போட்டு, அதன்மேல் ஒவ்வொரு அடுக்கு எண்ணாகச் சேர்த்துக்கொண்டே படிக்கட்டு மாதிரி ஏறுவது. இரண்டு சுரங்கமும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் நிரூபணம் இல்லை.

மேலிருந்து வரும் சுரங்கத்தின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. வட்ட முறை என்று அதைச் சொல்வார்கள். ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட கட்டுரையில் அதன் தொடக்கம் இருக்கிறது. ராமானுஜன் போனபின் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920களில் அதை வாரிங் கணக்கின்மேல் திருப்பினார்கள். 1930களின் நடுவில் ரஷ்யாவில் வினோகிராதோவ் அதைக் கூர் தீட்டினார். அந்தக் கருவி வந்ததும் உலகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் சிகாகோவில் எல்.இ. டிக்சன். மூத்த பேராசிரியர், சுற்றிலும் ஆராய்ச்சி மாணவர்கள். இன்னொருவர் சிதம்பரத்தில் பிள்ளை.

ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ள எல்லாவற்றுக்கும், ஒன்றரையின் அடுக்குகள் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டால் அந்தச் சூத்திரம் சரி என்று இருவரும் தனித்தனியாக 1936-ல் வெளியிட்டார்கள். அந்த நிபந்தனையை மீறும் அடுக்கு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. 47 கோடிக்கு மேல் கணினியில் சோதித்தாகிவிட்டது. மீறினாலும் ஒரு முடிவான எண்ணிக்கையில்தான் மீறும் என்று மாலர் 1957-ல் நிரூபித்திருக்கிறார். 1936-ல் பாக்கி இருந்தவை 4, 5, 6. அடுக்கு சிறிதானால் கருவி மழுங்கிவிடும். அதனால்தான் சின்ன எண்கள் கஷ்டம். ஆறை பிள்ளை 1940-ல் முடித்தார். ஐந்துக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல் நிரூபித்தார். நான்குக்கு 19 என்பது 1986 வரை காத்திருந்தது.

சரி, யார் இந்தப் பிள்ளை? 1901 ஏப்ரல் 5-ல் குற்றாலம் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். பள்ளிப் படிப்பு முடியும் கட்டத்தில் அப்பாவும் போய்விட்டார். அப்போது படிப்பு நிற்காமல் தாங்கியவர் அவருடைய பள்ளி ஆசிரியர் சாஸ்திரியார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை. அங்கே வழிகாட்டியவர் கே. ஆனந்த ராவ். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.

1929-ல் பிள்ளை சிதம்பரத்துக்கு வருகிறார். அந்த வருடத்தைக் கவனியுங்கள். அண்ணாமலை செட்டியார் 1920-ல் ஆரம்பித்த மீனாட்சி கல்லூரி பல்கலைக்கழகமாக மாறியதும் அதே 1929-ல்தான். பல்கலைக்கழகமும் பிள்ளையின் வேலையும் சமவயது. 1941 வரை பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். அவருடைய பெரிய வேலைகள் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நடந்தவை. பதவி விரிவுரையாளர், வேலை வகுப்பு எடுப்பது.

நம்ம ஊரில் கணித மேதை என்றாலே ராமானுஜன் கதையைத்தான் அச்சாக வைத்துக்கொள்கிறோம். வறுமை, தனிமை, ஒரு கடிதம், கப்பல். பிள்ளை கதையையும் அந்த அச்சில் ஊற்றினால், சின்ன ஊரில் ஒண்டியாக உட்கார்ந்து சிகாகோவை எட்டிப்பிடித்த அதிசய மனிதர் என்று எழுதிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் விவரங்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் ஒண்டியாக இல்லை.

1906 டிசம்பரில் வி. ராமசுவாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர் நாட்டில் உள்ள கணித ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கணிதப் புத்தகமும் இதழும் தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. சந்தா சேர்த்து வாங்கி, தபாலில் சுற்றுக்கு விடுவோம் என்பதுதான் யோசனை. 1907-ல் அது சங்கமாயிற்று. அதுதான் இன்றைய இந்தியக் கணிதக் கழகம். 1910-ல் வேலை கேட்டு ராமானுஜன் போய்ப் பார்த்ததும் இந்த ராமசுவாமி ஐயரைத்தான். அப்போது அவர் இருந்தது திருக்கோவிலூரில். கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டம். சிதம்பரமும் அதே மாவட்டம்தான். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-ல் வந்தது அந்தக் கழகத்தின் இதழில். கழக நூலகம் புனே ஃபெர்குசன் கல்லூரியில் இருந்தது; உறுப்பினர்களுக்கு தபாலில் புத்தகம் போகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தபோது அந்த ஏற்பாடு இன்னும் ஒரு படி ஏறியது. அங்கே கணிதத்துறையில் ஏ. நரசிங்க ராவ் இருந்தார். கழகம் 1933-ல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமாக 'மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்' இதழைத் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் அவர்தான். ஆனந்த ராவின் இன்னொரு மாணவரான வி. கணபதி ஐயரும் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகமே தனக்கென்று ஓர் ஆராய்ச்சி இதழ் நடத்தியது. வாரிங் கணக்கைப் பற்றிய பிள்ளையின் 1936 கட்டுரை அதில்தான் வந்தது. 73 பற்றிய கட்டுரை பெங்களூரில் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. கூடவே வாழ்நாள் முழுக்க ஒரு கடித நண்பர்: சர்வதமன் சௌலா. அவர் வால்டேரிலும் லாகூரிலும் இருந்தார், இவர் சிதம்பரத்தில். இருவரும் சேர்ந்தே கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

ஆக ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு வழிகாட்டி, பேசிக்கொள்ள இரண்டு சக ஆசிரியர்கள், எழுதியதைப் போட ஓர் இதழ், தபால் வண்டி. இவ்வளவும் இருந்த இடத்தில் ஒரு மேதை வந்து விழுந்தார். மேதையை நாம் தயாரிக்க முடியாது. மற்றதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து செய்தவை, திரும்பவும் செய்யக்கூடியவை. பிள்ளையின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ராமானுஜன் கதையைக் கேட்டு ஒரு கல்லூரி பிரமிக்கலாம். பிள்ளை கதையைக் கேட்டால் காரியம் செய்யலாம்.

வகுப்பறையிலிருந்து அவர் கணிதம் அதிகம் விலகவில்லை என்பதற்கு ஓர் உதாரணம். 14, 15, 16 என்று அடுத்தடுத்த எண்களை எடுங்கள். 15-க்கு மற்ற இரண்டோடும் பொதுக் காரணி இல்லை. இப்படி அடுத்தடுத்து எத்தனை எண் எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் உள்ளே இருக்குமா? 16 எண்கள் வரைக்கும் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். 17-ல் உடைகிறது. 2184-லிருந்து 2200 வரை எழுதிப் பாருங்கள். 2189 தப்பிக்கும்போல இருக்கும். ஆனால் அது 11-ன் மடங்கு, 2200-ம் அப்படியே. 2191 ஏழில் மாட்டுகிறது, 2197 பதின்மூன்றில். இரண்டுக்கும் ஜோடி 2184. ஒன்றுகூடத் தப்பாது. ஒரு பிற்பகல் வகுப்பில் கரும்பலகையில் முழுதாகப் போட்டுக் காட்டலாம்.

உள்ளூர் இதழில் எழுதியதற்கு ஒரு விலையும் இருந்தது. அந்தப் பழைய தொகுதிகள் எத்தனை நூலகத்தில் கிடைக்கும்? பிள்ளையின் கட்டுரைகள் ஒன்றுசேர்ந்து இரண்டு தொகுதிகளாக வந்தது 2010-ல்தான், ராமானுஜன் கணிதக் கழகத்தின் வெளியீடாக. தொகுத்தவர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும். பாலசுப்பிரமணியன் பிற்பாடு சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1986-ல் நான்காம் அடுக்குக்கு 19 என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து நிரூபித்தவரும் இவர்தான்.

பிள்ளை 1941-ல் திருவிதாங்கூர் போனார், அடுத்த வருடம் கல்கத்தா. 1950-ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஒரு வருடத்துக்கு அழைத்தது. அமெரிக்காவில் அந்த ஆகஸ்ட் 30-ல் உலகக் கணித மாநாடு ஆரம்பம். பம்பாயிலிருந்து நியூயார்க் போன விமானத்தில் ஏறினார். ஆகஸ்ட் 31 அதிகாலையில் கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் அது விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 49.

அவர் விட்டுப்போன ஒரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. 4, 8, 9, 16, 25, 27, 32 என்று வர்க்கம், கனம், மேலடுக்கு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். எந்த வித்தியாசத்தைச் சொன்னாலும் அந்த வித்தியாசத்தில் ஒரு முடிவான எண்ணிக்கையிலான ஜோடிகள்தான் இருக்கும் என்பது பிள்ளையின் ஊகம். வித்தியாசம் 1 என்றால் 8, 9 மட்டும்தான் என்று 2002-ல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் 2-க்கு 25, 27 இருக்கிறது. வேறு எத்தனை ஜோடி இருக்கிறது, முடிவான எண்ணிக்கைதானா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இந்தக் கேள்வி புரியும். கணித ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கீழே அவர் பெயரையும்.