வாசலைத் தாண்டியவர்கள்



அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களும் விரைந்தோடும் கார்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதே அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் வட்டாரத்துக்குப் போனால், தார்ச்சாலை ஓரமாகக் குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். வண்டியில் தொப்பி வைத்த, தாடி வளர்த்த ஆண்கள். நீண்ட உடை உடுத்தித் தலையை மூடிய பெண்கள். இவர்கள் வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுப்பதில்லை; சொந்தமாகக் கார் வாங்குவதில்லை. இவர்களே ஆமிஷ் மக்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள், 2024-இல் ஏறத்தாழ 400,000 பேராகப் பெருகியிருந்தார்கள்.

இவர்களுடைய பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேரோ அதற்கும் மேலோ, வளர்ந்ததும் தங்கள் சபையிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் வெளியேறுகிறார்கள். அப்படி வெளியேறியவர்கள் எதை இழந்தார்கள், வெளியுலகில் எப்படிக் காலூன்றினார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள, நாம் ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1525-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு சிறு கூட்டத்தார் புதிய கொள்கை ஒன்றைச் சொன்னார்கள். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து அதைக் கிறிஸ்தவன் என்று சொல்வது பொருந்தாது. அறிவு தெளிந்த வயதில், ஒருவன் தானே விரும்பி அதைப் பெற வேண்டும் என்றார்கள். இன்று நமக்கு இது சாதாரணமான பேச்சாகத் தோன்றும். அன்று இது அரசாங்கக் குற்றம். அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527-இல் சூரிக் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மனிதன் தன் மார்க்கத்தைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்களே ஆமிஷ் மக்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1693-ஆம் ஆண்டு இந்தக் கூட்டத்தாருக்குள் ஒரு பிளவு ஏற்பட்டது. சபையை மீறியவனை என்ன செய்வது என்பதே வழக்கு. அவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, அவனை எல்லா வகையிலும் தள்ளிவைக்க வேண்டும் என்றார் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர். அவ்வளவு கடுமை வேண்டாம் என்றார் ஹான்ஸ் ரைஸ்ட் என்ற இன்னொரு மூப்பர். சபை இரண்டாகப் பிரிந்தது. அம்மானின் பக்கம் நின்றவர்களுக்கே அவர் பெயரையொட்டி ஆமிஷ் என்ற பெயர் வந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. 1700-ஆம் ஆண்டில், அவசரப்பட்டு நடந்துகொண்டோம் என்று வருந்திய அம்மானும் அவருடைய துணைவர்களும் தங்களைத் தாங்களே தள்ளிவைத்துக்கொண்டு, மறு பக்கத்தாரிடம் சமாதானம் கேட்டார்கள். ஆனால் உடைந்தது ஒட்டவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆமிஷ் குடும்பங்கள் கப்பலேறிப் பென்சில்வேனியாவில் குடியேறின. தள்ளிவைக்கும் வழக்கமும் அவர்களோடு கூடவே கப்பலேறியது.

நேயர்களே, ஆமிஷ் பிள்ளை பதினாறு வயதை எட்டியதும் சற்றுக் கட்டுத் தளர்கிறது. வார இறுதியில் மற்ற இளைஞர்களோடு கூடிப் பாடலாம், பழகலாம். சிலர் ரகசியமாகக் காரும் ஓட்டிப் பார்ப்பதுண்டு. பிறகு, பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள், சபை முன்னிலையில் முழந்தாளிட்டு வாக்குக் கொடுத்து ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

அந்த வாக்கைக் கொடுக்கும் முன்பே ஒருவன் வெளியேறிவிட்டால், பெற்றோர் அழுவார்கள், வருந்துவார்கள். ஆனாலும் அவன் வீட்டுக்கு வந்து போகலாம், எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடலாம். வாக்குக் கொடுத்த பிறகு வெளியேறினால் கதையே வேறு. தானே விரும்பிக் கொடுத்த வாக்கை மீறினான் என்பதால் அவன் தள்ளிவைக்கப்படுகிறான். அவன் கையிலிருந்து பொருளை வாங்கமாட்டார்கள். அவனோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. அவனுக்குச் சோறு உண்டு. ஆனால் தனி மேசையில். அவன் மனம் திரும்பி, சபையின் முன் முழந்தாளிட்டால் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். தண்டிப்பதற்காக அல்ல, திருப்பி அழைப்பதற்காகவே இப்படிச் செய்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மேசைகளைச் சற்றே இடைவெளி விட்டுப் போடுவார்கள். மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். சபையின் சட்டமும் மீறப்படவில்லை. பிள்ளையும் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். சட்டத்துக்கும் பெற்ற மனத்துக்கும் நடுவே அகப்பட்டவர்கள் கண்டுபிடித்த வழி அது.

எல்லா இடத்திலும் காரியம் இவ்வளவு மென்மையாக முடிந்துவிடவில்லை. 1940-களில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயி இருந்தார். நோயுற்ற தம் கைக்குழந்தையை நகரத்து மருத்துவரிடம் அடிக்கடி கொண்டுபோக வேண்டியிருந்ததால், அவருக்குக் கார் தேவைப்பட்டது. 1942-இல் கார் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் வேறொரு சபையில் சேர்ந்தார். பழைய சபை அவரைத் தள்ளிவைத்தது. உறவினர் ஒதுங்கினர், அண்டை அயலார் உதவிக்கு வரவில்லை. விவசாயத்தில் அடுத்தவன் கை உதவாமல் அறுவடை ஏது? 1947-இல் அவர் சபைத் தலைவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 5,000 டாலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். பணத்தை நீதிமன்றம் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடும் உறவை எந்த நீதிமன்றம் வாங்கிக் கொடுக்கும்?

இனி, வெளியே வந்தவனின் பாட்டைப் பார்ப்போம். அவனுக்கு முதல் தடை படிப்பு. ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை முடித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டுக் கணக்கில் அது இரண்டாம் படிவம். விஸ்கான்சின் மாநிலத்தில், பதினாறு வயது வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டத்தை மீறியதற்காக மூன்று தந்தையருக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1972-இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர், மதச் சுதந்திரத்தை முன்னிட்டுப் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதினார். நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டோம், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டோமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. நாளைக்கு ஒரு பிள்ளை இசைக் கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ ஆக விரும்பினால், அந்தக் கதவை இன்றே மூடிவிடலாமா என்று அவர் கவலைப்பட்டார். அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது தடை, காகிதம். அமெரிக்காவில் சம்பளத்தில் பிடித்தம் செய்து முதுமையில் உதவித்தொகை தரும் அரசுத் திட்டம் ஒன்று உண்டு. எங்கள் முதியவர்களை நாங்களே காப்பாற்றிக்கொள்வோம் என்று ஆமிஷ் மக்கள் சொன்னதால், சொந்தத் தொழில் செய்யும் ஆமிஷ்காரருக்கு 1965-இல் அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். அவர்கள் தங்கள் முதியவர்களைக் கைவிடுவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஊரை விட்டு வெளியே வந்த இளைஞன் ஒருவனிடம் அந்தத் திட்டத்தின் எண் இல்லாமல் போகிறது. அந்த எண் இல்லாவிட்டால் வேலையில் சேர்வதும் வங்கியில் கணக்குத் திறப்பதும் பெரும்பாடு. அடையாளக் கார்டு இல்லாதவன் படும் அலைச்சல் என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, மொழியும் பழக்கமும். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். வேதம் வாசிப்பது பழைய ஜெர்மன். ஆங்கிலம் பள்ளியில் கற்றது. என்ன உடுத்துவது, முடியை எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் அதுவரை சபையே முடிவு செய்தது. இப்போது எல்லாவற்றையும் தானே முடிவு செய்ய வேண்டும். சுதந்திரம் என்று ஓடி வந்தவனுக்கு அதுவே பாரமாகிவிடுகிறது.

ஆகவேதான் பலர் ஒரே முறையில் வெளியேறுவதில்லை. போகிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடியும் போகிறார்கள். அயோவா மாநிலத்தில் வாழ்ந்த அயரா வாக்லர், பதினேழு வயதில் ஓர் இரவு தலையணைக்கு அடியில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். வீட்டு ஏக்கம் பிடித்திழுக்கத் திரும்பி வந்தார். இப்படிப் பல முறை போய் வந்து, இருபத்தாறு வயதில்தான் முழுமையாக வெளியேறினார். பிறகு சட்டம் படித்தார். ஒஹாயோவில் பிறந்த சலோமா பர்லாங், 1977-இல் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போனார். சபையார் தேடி வந்து அழைத்தபோது கூடவே திரும்பினார். சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் வெளியேறினார். எட்டாம் வகுப்போடு நின்றுபோன அவர், 2007-இல் ஸ்மித் கல்லூரியில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. இருவரும் தங்கள் கதையை 2011-இல் நூலாக வெளியிட்டார்கள்.

வெளியேறியவர்களில் காலூன்றியவர்களுக்குக் கைகொடுத்தவை எவை? ஒன்று, சிறுவயதிலேயே கற்ற உழைப்பு. தச்சுவேலை, கட்டடவேலை, பண்ணைவேலை எதுவானாலும் அந்தக் கைகளுக்குப் பழக்கம். இரண்டாவது, முதல் சில மாதங்கள் தங்க இடம் கொடுத்து, விண்ணப்பம் நிரப்பவும் வண்டி ஓட்டவும் பரீட்சை எழுதவும் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதர். பெரும்பாலும் அவர் தமக்கு முன்னரே வெளியேறிய இன்னொரு ஆமிஷ்காரராகவே இருந்தார். முன்னே போனவர் பின்னே வந்தவருக்குத் திண்ணையானார்.

நேயர்களே, ஒருவன் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1527-இல் ஒருவர் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். அப்படிப்பட்ட மார்க்கத்தில் பிறந்த பிள்ளை வேறொன்றைத் தேர்ந்துகொண்டால், அவனுக்கு எந்த மேசையில் சோறு போடுவது? சபை ஒரு விடை சொல்கிறது. இரண்டு மேசைக்கும் ஒரே விரிப்பை விரித்தவர்கள் இன்னொரு விடை சொல்கிறார்கள். சபை சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனாலும் போன பிள்ளைக்கு அந்த வீட்டில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடம் இருக்கிறது என்ற நினைவுதான் வெளியே போனவனை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.