செக்ரோல் படித்த பிள்ளைகள்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குக் கணினி எப்போது வந்தது என்று கேட்டால், தோட்ட ஆபிசில் முதல் மெசினை வைத்த வருடத்தைச் சிலர் சொல்வார்கள். பாடசாலைக்குக் கணினி அறை கிடைத்த வருடத்தைச் சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கதையைக் காப்பிக் காலத்திலிருந்து தொடங்குவேன். பதுளையில் கல்லூரி மாணவர்களுக்கு அடிப்படைக் கணினியும் ஆபிஸ் மென்பொருளும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். விரிதாளைத் திறந்ததும் திரையில் தெரிகிற கட்டங்கள், நமுனுகுல மலைச்சரிவில் லயத்தில் பிறந்த எங்களுக்குப் புதியவை அல்ல. மேலிருந்து கீழே பெயர்கள், இடமிருந்து வலமாகத் தேதிகள். அந்தக் கட்டங்களுக்குள்தான் எங்கள் பாட்டன் பாட்டிமாரின் வாழ்க்கை இருந்தது. எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஊவா மலைகளில் காப்பி நட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் கடல் கடந்து, காட்டுவழியே நடந்து வந்தார்கள். 1869இல் இலை நோய் காப்பியைப் பிடித்தது. அடுத்த இருபது வருடத்தில் அந்த நிலமெல்லாம் தேயிலை ஆயிற்று. ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல். இதற்கிடையே 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. அது ஒரு சிறிய வட்டத் தகடு. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அந்தத் தகட்டோடுதான் ஆட்கள் மலையேறி வந்தார்கள்.

தரவுத்தளப் பாடத்தில் ‘முதன்மைச் சாவி’ என்று ஒன்று வரும். ஒரு பதிவை மற்ற எல்லாப் பதிவுகளிலிருந்தும் பிரித்துக் காட்டுவது, இரண்டாவது தடவை வராதது. தகரச் சீட்டை வைத்துத்தான் அதை நான் விளக்குகிறேன். மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. சிலருக்குக் கோபமும் வருகிறது. வரட்டும், வர வேண்டிய கோபம்தான் அது.

தோட்டத்துக்கு வந்த பிறகு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துரை எழுதிய துண்டு வேண்டும். இந்த ஆளின் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கிறேன் என்பதுதான் அந்தத் துண்டின் சாரம். கடன் எவ்வளவு என்பது கங்காணியின் கணக்கு. வாசிக்கத் தெரியாதவர் அந்தக் கணக்கை எங்கே போய்க் கேட்பார்? 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. செக்ரோல் நின்றுவிடவில்லை.

செக்ரோல் என்பது நீளமான கட்டுப் புத்தகம். இடது ஓரத்தில் பெயர். அதற்கு நேரே மாதத்தின் நாட்களுக்கு வரிசையாகக் கட்டங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்பிய கணக்கப்பிள்ளை, மலையில் நின்று தன் கைப்புத்தகத்தில் குறிப்பார். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். அந்தக் குறிப்பு ஆபிசுக்குப் போய், கிளாக்கரின் கையால் பெரிய புத்தகத்தில் ஏறும். மாத முடிவில் வலது ஓரத்தில் கூட்டுத்தொகை. அதற்கு அப்பால் கழிவுகள்: அரிசி, முற்பணம், கம்பளி, சங்கச் சந்தா, கோயில் காசு. கடைசிக் கட்டத்தில் மிஞ்சியது கைக்கு வரும்.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். சம்பள நாளில் அவர் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான். “ஐயா, அந்தத் திங்கக்கெழம எனக்கு அரைப் பேரா போட்டிருக்கீங்க?” பதில் புத்தகத்துக்குள் இருந்தது, புத்தகம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அம்மாவின் ஞாபகசக்தி அபாரமானது. எந்த நாள் எந்த மலை, எத்தனை கிலோ என்று மாதம் முழுக்கச் சொல்வார். ஆனால் ஞாபகத்துக்கும் எழுத்துக்கும் வழக்கு வந்தால் எழுத்துத்தான் வெல்லும். எங்கள் தோட்டங்களில் அதிகாரம் என்பது பெரும்பாலும் இதுதான்: யார் கையில் பேனை, யார் கண்ணுக்குப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை வாசிக்கும் அளவுக்குக்கூடப் பிள்ளைகளைப் படிக்கவைக்க அவசரப்பட்டவர்கள் குறைவு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. நடந்ததென்னவோ பெரும்பாலும் ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர். 1945இல் நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்துக்கு வெளியேதான் நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், அந்தப் பத்தாண்டின் கடைசி வருடங்களிலிருந்து, பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இடையில் வேறு பட்டியல்களும் வந்தன. 1947 பொதுத் தேர்தலில் பதுளை எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற இடங்களில் அது ஒன்று. அடுத்த வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலிருந்து எங்கள் ஆட்களின் பெயர்கள் போயின. பதிவு செய்து உரிமை பெறலாம் என்று 1949இல் இன்னொரு சட்டம். அதற்குத் தொடர்ந்து இந்த நாட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கலியாணம் முடித்தவர்களுக்கு 7 வருடம், மற்றவர்களுக்கு 10 வருடம். கடுதாசியே கைக்கு வராத சனத்திடம் கடுதாசி கேட்டார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கச்சி மற்றப் பட்டியலிலும் விழுந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு பெயர் எந்த நிரலில் எழுதப்படுகிறது என்பதை எங்கள் சனம் சாதாரண விஷயமாக நினைக்காததற்குக் காரணம் இருக்கிறது.

தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் டான் பிரிக்லின் என்ற மாணவர் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கு அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமாக மாறினால் என்ன என்பது அவருடைய யோசனை. பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979இல் விற்பனைக்கு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது, 1985இல் மெக்கின்டோஷுக்கு எக்ஸெல் வந்தது, 1987இல் அதுவே விண்டோசுக்கும் வந்தது. உலகத்தின் ஆபிஸ்களில் பேரேடு திரைக்கு ஏறிய கதை இவ்வளவுதான்.

அது எங்களிடம் வந்துசேர இன்னும் பதினைந்து வருடமாவது ஆனது. கணினிக்கு முன்னால் மின்சாரம் வர வேண்டும். எங்கள் லயத்துக்கு அது 1990களில்தான் வந்தது. 2000க்குப் பிறகு பதுளை டவுனில், கடைகளுக்கு மேல்மாடியில், கணினிக் கல்லூரிகள் என்று பலகை தொங்க ஆரம்பித்தது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த தோட்டத்துப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் இறங்கி அங்கே போனோம். இரண்டு பேருக்கு ஒரு மெசின். சுட்டியைப் பிடிப்பதற்கு ஒருவர், குறிப்பு எழுதுவதற்கு ஒருவர், அரை மணிக்கு ஒரு தடவை மாறிக்கொள்வோம். குறிப்புகள் ஆங்கிலத்தில், விளக்கம் பாதி சிங்களத்தில். வேர்ட், எக்ஸெல், பவர்பொயின்ட், அக்செஸ் என்று வரிசையாகப் பாடம். வேலையை 1.44 எம்.பி. நெகிழ்வட்டில் எடுத்துக்கொண்டு, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையேறுவோம்.

தமிழில் எழுதப் பழகியது பாமினி எழுத்துருவில். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துத்தான் இருக்கும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் ‘அம்மா’ வரும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் ‘தமிழ்’ வரும். கொம்பை முதலில் தட்டிவிட்டு மெய்யெழுத்தைத் தட்ட வேண்டும். இது பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் பழக்கம். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், எங்கள் பக்கத்துக் கடைகளிலும் அச்சகங்களிலும் பாமினியே வெகுகாலம் ஆண்டது. ஆனாலும் அந்த எழுத்துருவில்தான் எங்கள் தலைமுறை முதல் கடிதங்களை அடித்தது. ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு, பிறப்புப் பதிவுத் திருத்தத்துக்கு, பாடசாலை அனுமதிக்கு என்று அதுவரை தொழிற்சங்க ஆபிசிலோ மனு எழுதுபவரிடமோ காத்து நின்ற கடிதங்கள் அவை. மகள் அடித்த கடிதத்தில் பெருவிரல் வைக்காமல் கையெழுத்துப் போட்ட தாய்மாரை எனக்குத் தெரியும்.

2000களின் நடுப்பகுதியில் உயர்தர மாணவர்களுக்குப் பொதுத் தகவல் தொழினுட்பம் ஒரு பாடமாக வந்தது. ‘அறிவகம்’ என்ற பெயரில் ஊர்களில் கணினி நிலையங்கள் திறந்தன. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவுக் கணிப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற வரிசையில் கடைசியில் நிற்பது தோட்டமே. கொவிட் காலத்தில் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள்.

இவ்வளவு தாமதமாகக் கிடைத்த படிப்பை எப்படிப் படிப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பாடப்புத்தகத்து விரிதாள் பயிற்சியில் ஒரு கற்பனைக் கடை வரும், பென்சில் விலையும் கொப்பி விலையும் வரும். நான் செக்ரோலை எடுக்கிறேன். முதல் நிரலில் பெயர். பி நிரலிலிருந்து ஏஎஃப் நிரல் வரை சரியாக 31 கட்டங்கள், மாதத்தின் 31 நாட்கள். ஏஜி நிரலில் கூட்டல் சூத்திரம். முழுப் பேருக்கு 1, அரைப் பேருக்கு 0.5. ஒரு தாயின் வரிசையில் 22 பேர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா நாட்சம்பளத்தால் பெருக்கினால் 22,000. அதில் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், 1,760. நிர்வாகம் போட வேண்டியது 12 வீதம், 2,640. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் போடும் 3 வீதம், 660. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் பார்த்ததும் வகுப்பு எப்போதும் ஒரு கணம் பேச்சை நிறுத்தும். சம்பளத்தோடு சேர்ந்து இப்படி ஒரு தொகை அம்மாவின் பெயரில் வளர வேண்டும் என்பதைப் பலர் அன்றுதான் எண்ணாகப் பார்க்கிறார்கள். அடுத்த வகுப்புக்குச் சம்பளச் சீட்டோடு வருகிறார்கள்.

பிறகு ‘இஃப்’ சூத்திரம். ஒரு நாளைய கொழுந்து 18 கிலோவுக்குக் குறைந்தால் 0.5, இல்லாவிட்டால் 1 என்று உதாரணத்துக்கு எழுதுகிறோம். முப்பது பெயர்களின் ஒரு நாள் நிறைகளைப் போட்டுப் பார்க்கிறோம். பிறகு அந்த 18ஐ அழித்துவிட்டு 20 என்று போடச் சொல்கிறேன். என்டர் தட்டிய நொடியில் ஒன்றாக இருந்த கட்டங்கள் பல அரையாக மாறுகின்றன. எந்தப் பெண்ணும் ஒரு கிலோ குறைத்து எடுக்கவில்லை. மாறியது ஒரே ஓர் எண். பிரிக்லின் தேடியது இந்த மாற்றத்தைத்தான். தோட்டத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வியை: அந்த எண்ணை யார் வைத்தார்கள், எதை வைத்து வைத்தார்கள்?

அடிப்படைக் கணினிப் படிப்பைச் சிறுமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. கணினி நிரல் எழுதத் தெரியாமல் வேர்ட், எக்ஸெல் படித்து என்ன பயன், கிளாக்கர் வேலைக்குத்தானே என்று கேட்கிறார்கள். கிளாக்கர் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அறியாதவர்களின் பேச்சு அது. நிரல் எழுதுவதையும் எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும், படிக்கிறார்கள். ஆனால் தன் குடும்பத்தின் உழைப்பு எழுதப்பட்ட அட்டவணையை வாசிக்கவும், சரிபார்க்கவும், தானே ஒன்றைப் போட்டு எதிரில் வைக்கவும் முடிந்த முதல் தலைமுறை இவர்கள். கூட்டு ஒப்பந்தமோ சம்பளச் சபையோ பேசப்படும்போது, தொழிலாளியின் பக்கத்தில் கணக்கோடு உட்காரும் ஆள் எங்கள் லயத்திலிருந்தே போக முடியும்.

ஆகவே தோட்டப்புறக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் சக ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே. பென்சில் கடைக் கணக்கை ஒரு பக்கம் வையுங்கள். செக்ரோலைக் கொடுங்கள், சம்பளச் சீட்டைக் கொடுங்கள், சேமலாப நிதிக் கணக்கைக் கொடுங்கள். சூத்திரத்தை அவர்கள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள். தங்கள் வீட்டு எண்ணில் கற்றால், அதை வைத்துக் கேள்வி கேட்கவும் கற்றுக்கொள்வார்கள்.