பதினெட்டுக்குப் பின் ஒரு முகவரி

சட்டத்தில் ஒரு வினைமுற்று பலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பதினெட்டு வயது முடிந்து குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்குப் பண உதவி ‘வழங்கலாம்’ என்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. இலக்கணம் நடத்துகிற எனக்கு இந்த ‘லாம்’ உறுத்துகிறது. பிற்காப்பு என்ற பெயரில் 21 வயது வரையிலும், விதிவிலக்காக மேலும் 2 ஆண்டுகளும் ஆதரவு தர வழி இருக்கிறது. வழி இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு.

இல்லத்தில் வளர்ந்த பெண் அதன் வாசலைத் தாண்டி எங்கே போவாள்? நம் வரலாறு இதற்கு இரண்டு பதில்களை வைத்திருக்கிறது. ஒன்று வேலை, மற்றொன்று கல்யாணம்.

முதல் பதிலைச் சொன்னவர்கள் பெண்கள். சிறுவயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சென்னையில் இளம் விதவைகளைத் தம்முடன் வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தில் பின்னர் அந்த விடுதி நடந்தது. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் தேவைப்பட்ட காலம் அது. விடுதிக்குள் வந்த பெண் ஆசிரியையாக வெளியே போக முடிந்தது. ஆனால் அது பிராமண விதவைகளுக்கான விடுதி. தலை மழிக்கப்பட்ட பெண்ணுக்கு அது கதவைத் திறந்தது உண்மை. எந்தச் சாதிப் பெண்ணுக்குத் திறந்தது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காக இன்னொரு வீடு தேவைப்பட்டது. தேவதாசி முறையிலிருந்து விலகி வந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள மற்ற விடுதிகள் மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தம் வீட்டில் தங்க வைத்தார். 1930களின் தொடக்கத்தில் உருவான அவ்வை இல்லத்தின் வேர் அதுதான். அவருடைய தாயும் அதே சமூகத்தில் பிறந்தவர். யாரை எந்த வாசல் ஏற்கும், எது ஏற்காது என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். அகரம் திண்டுக்கல்லுக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே மதுரைச் சாலையில், சின்னாளப்பட்டியை ஒட்டி காந்திகிராமம். 1947இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் டாக்டர் சௌந்திரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதில் விதவையாகி, டெல்லியில் மருத்துவம் படித்தவர். 1940இல் சாதி கடந்து ஜி. ராமச்சந்திரனை மணந்தார். ஆதரவற்ற குழந்தைகளுக்கான சௌபாக்கியா இல்லம் காந்திகிராமத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிலும் மருத்துவமனை, பள்ளி, கதர்ப் பணி, தொழிற்பயிற்சி. வளரும் பிள்ளை வேலை செய்கிற பெண்களைத் தினமும் கண்ணால் பார்க்கிற இடம் அது. சுற்றுச்சுவருக்குள்ளேயே பதினெட்டு வருஷம் கழித்த ஒரு பெண்ணிடம், நாளை முதல் தனியாக வாழ்ந்துகொள் என்று சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

இரண்டாவது பதிலை அரசும் சமூகமும் கூடிச் சொன்னார்கள். ஆதரவற்ற பெண்களுக்கென்றே தமிழக அரசு அன்னை தெரசா பெயரில் திருமண நிதியுதவித் திட்டம் நடத்தியது. பணத்தோடு தாலிக்குத் தங்கமும் தரப்பட்டது. 2011இல் 4 கிராம், 2016இல் 8 கிராம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இருந்ததும் திருமண உதவிதான். இந்த உதவிகளை நான் சிறுமைப்படுத்தவில்லை. கல்வித் தகுதி கேட்டதால் பல வீடுகளில் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்காமல் நீண்டது. ஆனாலும், பெற்றோர் இல்லாத பெண்ணைக் கண்டதும் அரசுக்குத் தாலிதான் நினைவுக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கணவனின் வீடு அவளுடைய நிரந்தர முகவரி ஆகிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த வீட்டில் அடி விழுந்தால், திரும்பிப் போக அவளுக்குத் தாய்வீடு இல்லை.

2022இல் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தாலியிலிருந்து பட்டத்துக்கு அரசின் பணம் இடம்பெயர்ந்திருக்கிறது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயருக்கு இதுவே பொருத்தம்.

ஆனால் பணம் மட்டும் வீடு ஆகாது. நான் பாடம் நடத்தும் வகுப்புகளில் இல்லங்களில் வளர்ந்த மாணவிகள் இருந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு விடுதியைப் பூட்டும்போது மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறுவார்கள். இவர்கள் யாராவது ஒரு தோழி கூப்பிட மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு படிவத்திலும் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டம் வந்து நிற்கும். வாடகைக்கு அறை கேட்டால், “கூட யாரு இருக்கா?” என்பதுதான் வீட்டுக்காரரின் முதல் கேள்வி. கையில் சம்பளம் இருந்தாலும் அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

குடும்பத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளைப் பதினெட்டு வயது பிறந்தநாளன்று நாம் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. இருபத்தைந்து வயதிலும் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுக்கிறோம். அதே அளவை இவர்களுக்கும் வைப்போம். விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதி, கையில் ஒப்படைக்கப்பட்ட ஆவணங்கள், வெளியேறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே தொடங்கும் தொழிற்பயிற்சி, படிப்போ வேலையோ நிலைபெறும் வரை மாதாந்திரத் தொகை, தொலைபேசியில் அழைத்தால் எடுக்க ஒரு மூத்த பெண். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுப்புலட்சுமியும் முத்துலட்சுமியும் சௌந்திரமும் தங்கள் காலத்தில் செய்துகாட்டியவற்றின் தொடர்ச்சிதான்.

அவர்கள் செய்தது அவர்களுடைய மனத்தைப் பொறுத்து நடந்தது. இன்று அது சட்டத்தைப் பொறுத்து நடக்க வேண்டும். ‘வழங்கலாம்’ என்பதை ‘வழங்க வேண்டும்’ என்று மாற்றுவதுதான் அதன் முதல் படி.