அறுசுவையும் பேருந்துச் சீட்டும்

கடையநல்லூரிலிருந்து தென்காசி செல்லும் பேருந்தில் மாணவர் ஒருவர் தம் பயணச்சீட்டைக் காட்டினார். கடைசி மூன்று இலக்கங்கள் 257. "சார், இப்படி ஏறிக்கொண்டே போகும் மூவிலக்க எண்கள் எத்தனை?" 123 முதல் 789 வரை ஒவ்வொன்றாக எழுதி, 83 என்று கண்டிருந்தார். ஓர் எண் விட்டுப்போயிருந்தது.

எழுதவே தேவையில்லை. 0 சேர்ந்தால் அது முதலில் நிற்க நேரும். ஆகவே அதை விட்டுவிடுவோம். 1 முதல் 9 வரை எந்த மூன்று இலக்கங்களை எடுத்தாலும், ஏறுவரிசையில் வைக்க ஒரே வழிதான் உண்டு. எனவே தேர்வுகளை எண்ணினால் போதும். 9×8×7 = 504. இதில் ஒரே மூன்று இலக்கங்கள் 257, 275, 527 என ஆறு முறை வந்துவிடுகின்றன. 6 ஆல் வகுத்தால் 84.

இதைப் பொது விதியாகத் தந்தவர்களுள் ஒருவர் மகாவீரர் (தீர்த்தங்கரர் வேறு). கி.பி. 850ஐ ஒட்டி, இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் 'கணித சார சங்கிரகம்' எழுதிய சமணர். அவர் எடுத்துக்காட்டு நம் அறுசுவை! துவர்ப்பு, கசப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆகியவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? தனித்தனியே 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, பிறகு 15, 6, 1, ஆக 63. மருத்துவ நூலான சுசுருத சங்கிதையும் 63 என்றே சொல்கிறது. ஆனால் நம் மாணவரைப் போல ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு.

மகாவீரரின் நூலைச் சென்னை அரசு 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. பதிப்பித்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார். நான் இச்சூத்திரத்தை மனப்பாடம் செய்த நாளில் இவ்விருவர் பெயரையும் யாரும் சொல்லவில்லை.

இறங்குவரிசை எண்களில் 0 இடம்பெறலாம். 120 வருகிறதா, பாருங்கள்.