நூறு டாலர் சாம்ப்ளர்

1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற இசைக் கணினியை வெளியிட்டார்கள். எந்தச் சத்தத்தையும் பதிந்து, அதையே கீபோர்டில் சுரமாக வாசிக்கலாம். விலை? ஒரு வீடே வாங்கிவிடலாம். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் மாதிரி ஆட்களுக்குத்தான் கட்டுப்படியானது.

ஆறேழு வருடம்தான். கேசியோ எஸ்கே-1 வந்தது, சுமார் நூறு டாலருக்கு. மடியில் வைத்து வாசிக்கலாம், பேட்டரியில் ஓடும், மைக் உள்ளேயே இருக்கிறது. பொம்மைன்னு சிரிக்கத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 9,380 மாதிரிகள், ஒவ்வொன்றும் 8 பிட், மொத்தம் 1.4 நொடி. கிட்டத்தட்ட 13 கிலோபைட். ஆரம்பகால ஃபேர்லைட்டில் ஒரு சானலுக்கு இருந்ததே 16 கிலோபைட்தான்! (ஒலித்தரம் வேறு ரகம், மறுக்கவில்லை.)

எஸ்கே-1இன் கஞ்சத்தனம்தான் எனக்குப் பிடித்தது. 1.4 நொடிக்குள் அடுத்தவர் பாட்டைப் பெரிதாக எடுத்துவிட முடியாது. ஒரு தும்மல், கதவுச் சத்தம், தம்பியை அதட்டும் குரல், அவ்வளவுதான் கொள்ளும். மேல் ஸ்தாயியில் அதுவே கீச்சிடும். கீழே போனால் பூதம் மாதிரி இழுக்கும். ஸ்விட்சை அணைத்தால் போச்சு, சேமிக்க வழியில்லை. அந்த வருடங்களில் பிள்ளைகள் வீட்டில் செய்த இசையில் பெரும்பகுதி அப்படித்தான் போயிருக்கும்.