கஸற்றிலிருந்து சுத்துற வட்டம் வரைக்கும்

போன மாதம் அம்மா ரெலிபோன் எடுத்தா. "தம்பி, ரீவியில ஒரு வட்டம்தான் சுத்திக்கொண்டு நிக்குது. படம் வருகுதில்லை."

போய்ப் பார்த்தேன். தெரிந்த ஒருவரிடம் ஒரு வருசக் காசை முன்னுக்கே கட்டி வாங்கிய பெட்டி. உலகத்துச் சனல் எல்லாம் வரும் என்று சொல்லித்தான் வித்தவர். மூன்றாம் மாதம் பெட்டியும் படுத்துவிட்டது, அவருடைய ரெலிபோனும் படுத்துவிட்டது. (கள்ளப் பெட்டி என்றால் அப்படித்தான்!)

அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பழசெல்லாம் ஞாபகம் வந்தது. இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது 1982இல். ஊரில் ரீவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த ஆக்கள் நாங்கள். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபிறகு, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். லண்டன் வந்தபிறகு தமிழ்க் கடையில் வாடகைக் கஸற்.

இணையத்தில் படம் காட்டும் கதையும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கேத்தலில் கோப்பி இருக்கிறதா என்று எழும்பிப் போகாமல் பார்க்க ஒரு கமரா பூட்டினார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. 1995இல் றியல் ஓடியோ, 1997இல் அவர்களின் வீடியோ. ரெலிபோன் வயரில், 56 கிலோபிற் வேகத்தில், முத்திரை அளவுப் படம் வரும். பாதியில் நிற்கும். 2005இல் யூரியூப். 2007இல் அமெரிக்காவில் நெற்பிளிக்ஸ் இணையத்துக்கு மாறத் தொடங்க, அந்த வருச நத்தாருக்கு இங்கே பிபிசி ஐபிளேயர் வந்தது. நெற்பிளிக்ஸ் இங்கே வர 2012 ஆனது.

இப்போது படத்தைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் வைத்திருக்கிறார்கள். இணைப்பு மெதுவானால் தரம் குறைந்த துண்டு வரும். அதுவும் நேரத்துக்கு வராவிட்டால்தான் வட்டம் சுத்தும். தெளிவான படத்துக்கு 5 மெகாபிற் வேகம் போதும்.

அம்மாவுக்கு முறையான குச்சி ஒன்று வாங்கி ரீவியின் பின்னால் பூட்டினேன். படிக்குக் கீழே கிடந்த றூட்டரை ஹோலுக்கு மாற்றினேன். லைசென்ஸ் இருக்கிறதா என்றும் பார்த்தேன். நேரடி ஒளிபரப்பை எதில் பார்த்தாலும் இங்கே லைசென்ஸ் வேண்டும். 2016இலிருந்து ஐபிளேயருக்கும் வேண்டும்.

எல்லாம் வேலை செய்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா:

"அப்பான்ர செத்தவீட்டுக் கஸற் இதில வருமோ?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. அப்பா 1998இல் ஊரில் செத்தபோது என்னுடைய அகதி வழக்கு முடியவில்லை, போக முடியவில்லை. யாரோ கொண்டுவந்து தந்த கஸற்றில்தான் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். அது இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது. போட டெக் இல்லை. டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பனி, யப்பானின் ஃபுனாய், 2016இல் நிறுத்திவிட்டது.

எந்தச் சேவைக்குக் காசு கட்டினாலும் எங்கட வீட்டுக் கதை அதில் வராது. அதை நாங்கள்தான் ஏற்ற வேண்டும். நண்பர் ஒருவரிடம் பழைய டெக் ஒன்று இருக்கிறதாம். இந்தச் சனிக்கிழமை போகிறேன்.

உங்கட அலுமாரியையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ. பூஞ்சணம் பிடிக்க முதல்.