கோழி நோயும் மனிதர் அறிவும்



வரலாறு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன முடியும் வாளும், கோட்டையும் கொத்தளமுமே ஆகும். அரசர்கள் செய்த போர்களை ஆண்டு தவறாமல் ஒப்புவிக்க நாம் பழகியிருக்கிறோம். ஆனால் வீட்டுக் கொல்லையில், கவிழ்த்த கூடையின் அருகே, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி நிற்கிறதே ஒரு நோயுற்ற கோழி, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம்மைப் பாரிஸ் நகருக்கும், சாவகத் தீவுக்கும், இமயமலைச் சாரலுக்கும் அழைத்துச் செல்லும். இன்று அவ்வழியில் சிறிது தூரம் உங்களோடு நடக்க விரும்புகிறேன்.

கோழிக்குப் பல் இல்லை. அது கொத்தி விழுங்கும் இரை முதலில் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையில் தங்கி ஊறும். பின்னர் உள்ளே சென்று, கோழி விழுங்கிய சிறு கற்களின் துணையால் அரைவைப்பையில் அரைபடும். மாலையில் கோழி அடையும்போது தீனிப்பை நிறைந்திருக்கும். விடியற்காலையில் தடவிப் பார்த்தால் அது வெறுமையாக இருத்தல் வேண்டும். விடிந்த பின்னும் இறுகிக் கிடந்தால், நாரோ வைக்கோலோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். என் பாட்டி இதனை எந்த நூலிலும் படித்தவரல்லர். தம் விரல்களால் அறிந்தவர். அலகின் ஓரத்தில், மூச்சுக்குழலில் புகாதபடி, சில சொட்டு நல்லெண்ணெயை விடுவார். தீனிப்பையை மெல்லப் பிடித்துவிடுவார். அன்று முழுவதும் தானியம் கிடையாது, தண்ணீர் மட்டுமே. மறுநாள் குழைந்த கஞ்சி கொடுப்பார். பெரும்பாலும் அக்கோழி பிழைத்துக்கொள்ளும்.

இவ்வகை வைத்தியம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரில் பிறந்த கொலுமெல்லா என்பவர், உழவுத்தொழில் பற்றி இலத்தீன் மொழியில் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். அதன் எட்டாம் பகுதி கோழி வளர்ப்பைப் பற்றியது. நோயுற்ற கோழியின் தொண்டையில், வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்த பூண்டைச் செலுத்தும் வழக்கத்தை அவர் அதில் குறித்திருக்கிறார். உரோமாபுரியின் பண்ணையாளரும் என் பாட்டியும் ஒரே முறையைக் கையாண்டனர் என்பது எண்ணி வியத்தற்குரியது. ஆயினும், பூண்டுக்கும் எண்ணெய்க்கும் கட்டுப்படாத நோய்களும் உண்டு. அதனை நான் சிறுவனாயிருந்தபோதே கண்டேன்.

1970-களின் தொடக்கம். என் பாட்டியிடம் அப்போது பதினான்கு கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகங்கள் வந்தன. ஒரு கோடைக்காலத்தில் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழியத் தொடங்கின. சில வாய்திறந்து மூச்சுத் திணறின. சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. பாட்டி இரவெல்லாம் விழித்திருந்து மஞ்சளும் மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுத்தார். நான்கே நாட்களில் எஞ்சியவை மூன்று.

அதன்பின் நிகழ்ந்தவை இரண்டு. அடுத்த வீட்டு அம்மையார் எதையோ வைத்துக் கொன்றுவிட்டார் என்று பாட்டி நம்பினார். எங்கள் கோழிகள் அவர் உலர்த்திய நெல்லைக் கிளறியதால் முன்னரே இரு வீட்டாருக்கும் மனத்தாங்கல் உண்டு. அன்று முதல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எஞ்சிய மூன்று கோழிகளையாவது காப்பாற்ற வேண்டுமென்று, அவற்றை அத்தையின் ஊருக்கு அனுப்பிவைத்தார். கூடையைத் தலையில் சுமந்து சென்றவன் நான். பத்து நாட்களுக்குள் அத்தை வீட்டுத் தெருவில் ஒரு சேவலும் கூவவில்லை. அந்தத் தெருவுக்கு நோயைக் கொண்டுசென்ற கூடை நான் சுமந்த கூடையே என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

பாட்டியிடம் அன்புக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. குறைவாக இருந்தது நோயின் காரணத்தைப் பற்றிய அறிவே. அவ்வறிவை மனித இனம் எவ்வாறு ஈட்டியது? அதற்கும் கோழிகளே துணைசெய்தன என்பதுதான் வியப்பு.

முதற் காட்சி பிரான்ஸ் நாட்டில் நிகழ்கிறது. கோழிக் காலரா என்னும் கழிச்சல் நோய் அங்குப் பண்ணைகளை அழித்து வந்தது. இத்தாலியில் பெரொன்சித்தோவும், துலூஸ் நகரக் கால்நடை மருத்துவப் பள்ளியில் தூசானும், அந்நோயுற்ற கோழிகளின் உடலில் நுண்ணுயிரைக் கண்டனர். தூசான் அனுப்பிய நோய்ப்பொருளைப் பெற்ற லூயி பாஸ்டர், 1879-ஆம் ஆண்டில் அதனைக் கோழிச் சாற்றிலே வளர்த்தார். அச்சாற்றில் ஒரு சிறிதே கோழியைக் கொல்லப் போதுமானதாயிருந்தது. ஆனால் நெடுநாள் காற்றுப்பட வைத்திருந்த பழஞ்சாற்றைச் செலுத்தியபோது, கோழிகள் சற்றே வாடிப் பிழைத்துக்கொண்டன. பின்னர்ப் புதிய, கடுமையான நோய்ப்பொருளைச் செலுத்தியும் அவை இறக்கவில்லை. வலிமை குன்றிய நோய்க்கிருமியே வலிமை மிக்க கிருமிக்குக் காவலாக நின்றது!

இது விடுமுறைக்குப்பின் தற்செயலாக நேர்ந்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த அறிஞர்கள், இது ஒரே நாளில் கிடைத்த வெற்றியன்று. பல மாதச் சோதனையின் விளைவு. அதில் அவருடைய உதவியாளர் எமில் ரூ என்பாருக்கும் பெரும் பங்குண்டு என்று காட்டியுள்ளனர். மாணவர்களே, வரலாறு கற்போர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். செவிக்கு இனிய கதை வேறு. ஏடு காட்டும் உண்மை வேறு.

1880-ஆம் ஆண்டில் பாஸ்டர் தம் முடிவை வெளியிட்டார். அந்தக் கோழி மருந்து நடைமுறையில் முழு நம்பிக்கைக்கு உரியதாக அமையவில்லை. ஆயினும் அது திறந்த வாயில் பெரிது. 1881-இல் ஆடுமாடுகளின் அடைப்பான் நோய்க்கும், 1885-இல் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பு மருந்துகள் அவ்வழியே வந்தன. இன்று குழந்தைக்கு ஊசி போடும் ஒவ்வொரு தாயும் அந்தப் பிரெஞ்சுக் கோழிகளுக்குக் கடமைப்பட்டவளே.

இரண்டாம் காட்சி சாவகத் தீவின் பட்டேவியா நகரம், இன்றைய ஜகார்த்தா. கால்கள் மரத்து, நடை தளர்ந்து, இதயம் சோர்ந்து இறக்கும் பெரிபெரி நோய் அங்குப் போர்வீரரையும் கைதிகளையும் வாட்டியது. அதற்கும் ஒரு கிருமியே காரணமாதல் வேண்டும் என்று எண்ணிய டச்சு அரசாங்கம் அனுப்பிய குழுவில், ஐக்மான் என்னும் இளம் மருத்துவர் இருந்தார். சோதனைக்காக அவர் வளர்த்த கோழிகள், 1889-ஆம் ஆண்டில், நோய்ப்பொருள் செலுத்தப்பட்டவையும் செலுத்தப்படாதவையும் ஒருங்கே தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் நோய் தானே மறைந்தது. காரணம் யாது? அக்கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய தீட்டிய அரிசிச்சோறு சில காலம் போடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குக் கொடுக்க இசையவில்லை. மீண்டும் தீட்டாத அரிசி வந்தது; கோழிகள் நிமிர்ந்து நின்றன.

மாவுப்பொருள் குடலில் நஞ்சாக மாறுகிறது. தவிடு அந்நஞ்சை முறிக்கிறது என்று ஐக்மான் முதலில் கருதினார். அது தவறு. தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஒரு சத்து உள்ளது. அது இல்லாமையே நோய் என்று 1901-இல் விளக்கியவர் அவர்பின் வந்த கிரைன்ஸ் ஆவார். 1912-இல் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘விட்டமின்’ என்று பெயரிட்டார். 1926-இல் அதே பட்டேவியாவில் யான்சனும் தொனாத்தும் அச்சத்தைப் பளிங்குருவில் பிரித்தெடுத்தனர். 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் இராபர்ட் மக்காரிசன் புறாக்களைக் கொண்டு இத்துறையில் ஆராய்ந்தார். நெல்லை ஊறவைத்து அவித்து எடுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. நம் முன்னோர் புழுங்கலரிசியை விரும்பியது எத்துணைப் பயன் தந்தது என்பதைக் கோழி மூலம் உலகம் அறிந்தது!

மூன்றாம் காட்சிக்கு நாம் இமயத்தை நோக்கிச் செல்வோம். 1926-ஆம் ஆண்டில் சாவகத்திலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் புதிதாக ஒரு கோழிக் கொள்ளைநோய் காணப்பட்டது. அடுத்த ஈராண்டுக்குள் அது குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டது. உலகம் அதனை நியூகாசில் நோய் என்று அழைக்க, நாம் இராணிக்கெட் நோய் என்கிறோம். சிற்றூர் மக்கள் வெள்ளைக் கழிச்சல் என்பர். ஆம், என் பாட்டியின் கோழிகளைக் கொண்டுசென்ற நோய் அதுவே. அது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரஸால் வருவது. கோழிக்குக் கோழியாகவும், எச்சத்தாலும், கூடையாலும், மனிதர் காலடியாலும் பரவுவது. வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் வருமுன் காக்கும் வழி உண்டு. குமாவுன் மலையிலேயே உள்ள முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தார், 1940-களில், இவ்வைரஸைக் கோழி முட்டைக் கருவில் பலமுறை வளர்த்து வலிமை குன்றச் செய்து தடுப்பு மருந்தாக்கினர். பாஸ்டர் காட்டிய நெறி அறுபது ஆண்டுகட்குப்பின் நம் நாட்டு மலைமுகட்டில் பயன் தந்தது. இன்று குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் போடப்படுகின்றன.

அவ்வாறாயின், வீட்டு வைத்தியத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை, அதன் எல்லையை அறிதல் வேண்டும். கோழி சோர்ந்தால் முதலில் அதனைத் தனியே பிரித்து, ஈரமற்ற கதகதப்பான இடத்தில் வையுங்கள். தூய நீர் கொடுங்கள். தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். ஒரு கோழிக்கு மட்டும் அடைப்பு என்றால், பாட்டியின் எண்ணெயும் கஞ்சியும் உதவும். ஆனால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தாலும், கைமருந்தில் காலம் கடத்தாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். எஞ்சியவற்றை விற்காதீர்கள், உறவினர்க்கு அனுப்பாதீர்கள். இறந்தவற்றை உண்ணாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நான் ஆசிரியனாகிய பின், எங்கள் ஊரில் நடந்த தடுப்பூசி முகாம் ஒன்றில்தான் கால்நடை மருத்துவர் இவற்றை விளக்கக் கேட்டேன். அப்போது பாட்டி உயிரோடு இல்லை. அடுத்த வீட்டு அம்மையார் இருந்தார். அவரிடம் சென்று, கோழிகள் இறந்தது நோயினால்; உங்கள்மேல் பிழையில்லை என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க வீட்டுல இருந்த ரெண்டு கோழியும் அதே வாரந்தான் தம்பி செத்துச்சு. சொன்னா நம்பவா போறாங்கன்னு, ராவோட ராவாக் கொண்டுபோய்ப் புதைச்சிட்டோம்.”

ஒரே நோய்க்கு இரு வீட்டாரும் இரையாயினர். ஒருவர் துன்பம் மற்றவர்க்குத் தெரிந்திருந்தால், இருவரும் ஒன்றாக அமர்ந்து அழுதிருப்பர். தெரியாமையால் பகைத்தே வாழ்ந்தனர். அறியாமை கோழிகளை மட்டும் கொல்வதில்லை. அயலாரிடையே உள்ள அன்பையும் கொல்லும். பாரிஸிலும் பட்டேவியாவிலும் முக்தேசுவரத்திலும் அறிஞர்கள் செய்தது, நோயுற்ற உயிரைக் கண்டதும் பிறர்மேல் பழிசுமத்தாமல், “ஏன்?” என்று பொறுமையோடு கேட்டதே ஆகும். மாணவர்களே, அந்தக் கேள்வியை நீங்களும் கேட்கப் பழகுங்கள்.